கறைவேடன்: கெட்டுப்போன ரேஞ்சருக்கு என்ன விலை வைப்பது?

கேள்வி, மார்ச் 4, மாலை 6:12

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதை நடத்தும் டேபிள் கேம்) ஐந்தாம் எடிஷன், 2014 விதிகள். என் டேபிளில் ரேஞ்சர் (காட்டில் தடம் பார்த்து வேட்டையாடும் வீரன்) ஆடுபவர் தன் கேரக்டர் மெல்ல மெல்லக் கெட்டுப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவருக்காக ஒரு சப்கிளாஸ் (ரேஞ்சருக்குள் ஒரு தனி வகை) எழுதியிருக்கிறேன். லெவல் 3இல், ஒவ்வொரு ஹிட்டுக்கும் கூடுதலாக 1டி6 (ஆறு பக்கப் பகடை ஒன்று) நெக்ரோடிக், அதாவது உயிரை அழுகச் செய்யும் டேமேஜ். பதிலுக்கு, விலங்குகள் இவரைக் கண்டால் மிரளும், நல்ல தெய்வங்களின் கோயிலில் இடம் கிடையாது, கிராமத்து ஜனங்கள் நம்ப மாட்டார்கள். பவருக்கு ஏற்ற பாதகம் இருப்பதால் பாலன்ஸ் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில், மார்ச் 4, இரவு 10:40

ஆகவில்லை.

கோயிலில் இடமில்லை, ஊர் நம்பாது என்பதெல்லாம் "நான் அடிக்கிற மாதிரி அடிக்கிறேன், நீ அழுகிற மாதிரி அழு" கதை. டேமேஜ் எண்ணில் வருகிறது, பாதகம் பேச்சில் வருகிறது. கேம் முழுக்கப் பாதாளச் சுரங்கத்தில் ஓடினால் அவருக்குப் பாதகமே கிடையாது. ஊருக்குள் ஓடினால் இவர் ஒருத்தருக்காக மற்ற மூன்று பேரும் சத்திரத்து வாசலில் படுக்க வேண்டும். இரண்டிலுமே விலை கொடுப்பவர் அவர் இல்லை.

எண்ணைப் பாருங்கள். லெவல் 5, டெக்ஸ் (சுறுசுறுப்பு) +4, வில்லுக்கு +2 தரும் ஆர்ச்சரி ஸ்டைல், எதிரிக்கு ஏசி (தற்காப்பு எண்) 15. டு-ஹிட் (பகடையோடு கூட்டும் எண்) +9, இருபது பக்கப் பகடையில் 6 விழுந்தால் போதும், அதாவது 75%. ரவுண்டுக்கு இரண்டு அம்பு. உங்கள் 1டி6 சராசரியாக 5.25 சேர்க்கிறது, எந்த நிபந்தனையும் இல்லாமல், நாள் முழுக்க. ரேஞ்சரின் ஹன்டர் சப்கிளாஸில் வரும் கொலாசஸ் ஸ்லேயர் பவர் 1டி8தான். அதுவும் டர்னுக்கு ஒரு முறை, ஏற்கனவே அடிவாங்கிய எதிரி மேல் மட்டும். கணக்குப் போட்டால் 4.2. இரட்டைக் கத்திக்காரருக்கு மூன்று அடி. உங்கள் விதியில் அவருக்கு 7.9 வரும். ஹன்டர்ஸ் மார்க் (குறிவைத்த இரைக்குக் கூடுதல் டேமேஜ் தரும் மந்திரம்) இதற்கு மேல் தனி.

1டி6ஐ டர்னுக்கு ஒரு முறை என்று ஆக்கினால் எண் அடங்கிவிடும். ஆனால் அப்போது அது கறுப்புச் சாயம் பூசிய ஹன்டர். கெட்டுப்போனவன் எங்கே?

மார்ச் 5, காலை 7:05

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தப்பு.

ஒன்று, கிரிட்டை (20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பாவது) விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் வில்லாளிக்கு 5.6, கொலாசஸுக்கு 4.5. இரண்டு, இரட்டைக் கத்திக்காரருக்கு ஆர்ச்சரியின் +2 கிடையாது, அவருக்கு 65%தான். ஆக 7.9 இல்லை, கிரிட்டோடு 7.3 சொச்சம். முடிவு மாறவில்லை, ஆனாலும் தப்பு தப்புதான். அதைச் சுட்டிக்காட்டிய நண்பர் "கணக்கு வாத்தியார் கணக்கில் கோட்டை விட்டார்" என்றும் சேர்த்திருந்தார். இருக்கட்டும்.

மார்ச் 5, இரவு 11:30

"பாலடினுக்கு மட்டும் கெட்டுப்போன வடிவம் இருக்கிறது, ரேஞ்சருக்கு ஏன் இல்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. (பாலடின் என்பவன் சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரன்.) கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும்.

1978இல் வந்த அட்வான்ஸ்டு விதிகளில் ரேஞ்சர் நல்லவனாகத்தான் இருந்தாக வேண்டும். குட் அலைன்மென்ட் (நல்லவன் என்ற குணவகை) போனால் ரேஞ்சர் சக்தி அத்தனையும் போய்விடும், வெறும் ஃபைட்டர், திரும்ப ரேஞ்சர் ஆகவே முடியாது. (மூன்று ரேஞ்சருக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து திரியக் கூடாது என்றும் ஒரு விதி அதிலேயே இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.) 1989இன் இரண்டாம் எடிஷனிலும் நல்லவன் நிபந்தனை தொடர்ந்தது. அந்தக் காலத்தில் கெட்டுப்போன ரேஞ்சர் என்றால் தண்டனை. அவனுக்கென்று தனி வடிவம் எதுவும் கிடையாது.

2000இல் மூன்றாம் எடிஷன் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அதே எடிஷனில் தவறிப்போன பாலடினுக்கு பிளாக்கார்ட் என்று தனி பிரெஸ்டீஜ் கிளாஸ் கொடுத்தார்கள். 2014இல் சத்தியம் மீறிய பாலடினுக்கு ஓத்பிரேக்கர் சப்கிளாஸ். ரேஞ்சருக்கு அப்படி ஒன்று இல்லை, ஏனென்றால் உடைக்க அவனிடம் சத்தியமே இல்லை. பாலடின் ஒரு நொடியில் விழலாம், அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. ரேஞ்சர் எந்த நொடியில் விழுகிறான்?

இதற்கு விடை மூன்றாம் எடிஷனிலேயே ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. ஃபேவர்டு எனிமியாக (ரேஞ்சர் குறிப்பாகப் பயின்ற எதிரி வகை) தன் சொந்த இனத்தையே தேர்வு செய்ய வேண்டுமானால் ரேஞ்சர் ஈவிலாக இருக்க வேண்டும். காட்டைக் காப்பவன் தன் ஆட்களையே தடம் பார்த்துத் திரிகிறான். வேலியே பயிரை மேய்வது. நீங்கள் தேடும் சப்கிளாஸின் விதை அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. இவன் கெடுவது எந்தப் பாவத்தாலும் இல்லை. எதை வேட்டையாடுகிறானோ, வருஷக்கணக்காக அதன் தடத்திலேயே நடந்து அதுவாகவே ஆகிறான்.

பெயர் வைத்துவிடுகிறேன்: கறைவேடன். பிடிக்காதவர்கள் வேறு வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6, மதியம் 1:15

"கெட்டுப்போனவன் கட்டுப்பாடு இழந்து நண்பனையே தாக்கினால்? அதுதானே விலை?" என்று இரண்டு பேர். வேண்டாம். நான் பட்டிருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முன், 3.5 எடிஷன் ஆடிக்கொண்டிருந்தபோது நானே ஒரு ரேஞ்சருக்கு இப்படிச் செய்தேன். பவரைப் பயன்படுத்தும்போதெல்லாம் பித்து மதிப்பு 5 ஏறும், பிறகு நூறு பக்கப் பகடை உருட்ட வேண்டும், மதிப்புக்குக் கீழே விழுந்தால் மிக அருகில் இருப்பவரைத் தாக்க வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் இருபது வரியில் ஒரு அட்டவணை, சிவப்பு மையில் தலைப்பு. எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்றாவது நாள் ஆட்டத்தில் அது நடந்தது. அருகில் நின்றது கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி). ஏற்கனவே பாதி ஹெச்பி (உயிர்ப் புள்ளி), விழுந்தது கிரிட். கிளெரிக் ஆடிய தோழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் ரேஞ்சரிடம் ஒரே கேள்விதான்: "நீ எங்க நிக்கப் போற?" அவர் சொன்ன கட்டத்திலிருந்து பன்னிரண்டு கட்டம் எண்ணி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, அங்கே தன் மினியை வைப்பார். அறுபது அடி. ஹீல் போட ஓடி வர வேண்டும், ஓடினால் பக்கத்தில் வர வேண்டும், வந்தால் ஆபத்து. டிராகனை விட்டுவிட்டு டேபிளே ரேஞ்சரை எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் போட்டது. ஐந்தாவது வாரம் ரேஞ்சர் ஆடியவர் பவரைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். பென்சிலால் எழுதிய பித்து எண் 25இலேயே கடைசி வரை நின்றது.

ஆக எனக்குக் கிடைத்தது யாரும் பயன்படுத்தாத ஒரு பவரும், யாரும் பக்கத்தில் நிற்காத ஒரு ஆளும். அட்டவணை மட்டும் அழகாக இருந்தது.

ஓத்பிரேக்கரிலும் இதற்குத் தூரத்து உறவு ஒன்று உண்டு. லெவல் 7இல் வரும் ஆரா ஆஃப் ஹேட், அருகே உள்ள ஃபீண்டுகளுக்கும் (நரகத்துப் பிசாசுகள்) அன்டெட்களுக்கும் (செத்தும் நடமாடுபவை) மெலீ டேமேஜைக் கூட்டும். நம் பக்கம், எதிர்ப் பக்கம் என்று பார்ப்பதில்லை. எதிரே வரும் எலும்புக்கூட்டுப் படையும் அதில் குளிர்காயும், அதன் அடி விழுவது முன்வரிசையில் நிற்கும் ஃபைட்டர் மேல். கதையாகக் கேட்க அருமை. ஃபைட்டர் ஆடுபவரைக் கேட்டுப் பாருங்கள்.

என் நிலை இதுதான்: கறையின் விலையை எடுத்தவரே, எண்ணில், அதே நாளில் கொடுக்க வேண்டும்.

மார்ச் 7, இரவு 9:50

முதல் வரைவு.

லெவல் 3, கறை: ஆயுதத்தால் அடித்ததும், விரும்பினால் ஒரு கறை ஏற்றுக்கொண்டு 2டி8 நெக்ரோடிக் சேர்க்கலாம். டர்னுக்கு ஒரு முறை. அதிகபட்சக் கறை, உங்கள் ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு ஏறும் தேர்ச்சி எண்) அளவு. ஒவ்வொரு கறைக்கும் அதிகபட்ச ஹெச்பி உங்கள் லெவல் அளவு குறையும். லாங் ரெஸ்ட் (இரவுத் தூக்கம்) எடுத்தால் எல்லாம் போகும்.

மற்ற லெவல்கள் பிறகு. லெவல் 3 சரியாக வராத சப்கிளாஸுக்கு லெவல் 11 எழுதுவது, அஸ்திவாரம் இல்லாமல் மாடிக்குப் பெயின்ட் தேடுவது போல.

மார்ச் 7, இரவு 10:20

அதற்குள் திருத்தம். லெவல் அளவு என்பது அதிகம். கான் (உடல் உறுதி) +2 வைத்துச் சராசரியில் போனால் லெவல் 11 ரேஞ்சருக்கு 92 ஹெச்பி. நாலு கறை என்றால் 44 போய்விடும், கிட்டத்தட்டப் பாதி. லெவல் 3இல் 28இலிருந்து 6தான் போகும். ஏறஏறத் தண்டனை தடிக்கிறது.

லெவலுக்குப் பதில் ப்ரொஃபிஷியன்ஸியையே வைத்தால் லெவல் 3இல் 4, லெவல் 5இல் 9, லெவல் 11இல் 16. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடையில். இது போதும்.

மார்ச் 8, காலை 6:40

போதாது.

இரவு முழுக்க ஒருவர் என் வரைவைப் பிய்த்து எடுத்திருக்கிறார், அவர் சொல்வது சரி. லாங்போவின் தூரம் 150 அடி, டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) 600. இந்த ஆள் 120 அடி தள்ளி மரத்துக்குப் பின்னால் நின்று எய்கிறார். அவர் மேல் அடியே விழாது. அடி விழாதவருக்கு அதிகபட்ச ஹெச்பி குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன? இல்லாதவன் வீட்டில் திருட்டு.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சண்டை நடுவில் 44இல் 30 ஹெச்பியோடு நிற்பவருக்கு அதிகபட்சம் 35 ஆகக் குறைந்தால் அந்த நேரத்தில் எதுவும் உறைக்காது. விலை பிற்பாடுதான் வரும், வராமலும் போகலாம்.

முதல் ஓட்டைக்கு மருந்து: இரை 30 அடிக்குள் இருந்தால்தான் கறை வேலை செய்யும். நோய்த்தொற்று தூரத்திலிருந்து ஒட்டாது அல்லவா, கதைக்கும் பொருந்துகிறது. ரேஞ்சர் கிட்டே வந்தாக வேண்டும். கிட்டே வந்தால் அடி விழும். அடி விழுந்தால் ஹன்டர்ஸ் மார்க்கின் கான்சென்ட்ரேஷன் கலையாமலிருக்கக் கான் சேவ் (காப்புப் பகடை) உருட்ட வேண்டும், ரேஞ்சருக்கு அதில் ப்ரொஃபிஷியன்ஸி கிடையாது. ஒரு வரி விதியில் இரண்டு விலை. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான், கேட்ட கேள்வியில்தான் இருந்தது.

இரண்டாவது ஓட்டைக்கு மருந்து இல்லை. யோசிக்கிறேன்.

மார்ச் 8, மாலை 5:00

அழுகிய ஓநாயைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். துணை மிருகம் சேர்த்தால் அது கூடுதல் அடி, கூடுதல் ஹெச்பி, எதிரியின் அடியை வாங்க இன்னொரு உடம்பு. சப்கிளாஸின் மொத்த பட்ஜெட்டையும் அதுவே தின்றுவிடும். பீஸ்ட் மாஸ்டர் (துணை மிருகம் வைத்திருக்கும் ரேஞ்சர் சப்கிளாஸ்) 2014இலிருந்து படும் பாட்டைப் பார்த்தும் இந்த ஆசையா? கறையின் படமாக மட்டும், சண்டையில் சேராமல், ஒரு ஓநாய் பின்னால் வரட்டும். செத்த ஓநாய்க்குத் தீனி வேண்டாம், அந்த ஒரு சௌகரியம் உண்டு.

மார்ச் 9, இரவு 11:55

முந்தைய வரைவைக் கிழித்துப் போடுங்கள். அதிகபட்ச ஹெச்பி வேண்டாம். ஹிட் டைஸ்.

குளிக்கும்போது தோன்றியது, ஈரக்கையோடு எழுதி வைத்தேன். ரேஞ்சருக்கு லெவலுக்கு ஒரு டி10. ஷார்ட் ரெஸ்டில் (சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் சிறு ஓய்வு) அதை உருட்டித்தான் உடம்பைத் தேற்றிக்கொள்கிறோம். அது அவனுக்குள் மிச்சமிருக்கும் உயிர். அதையே எரித்தால்?

கறை, இரண்டாம் வடிவம்: 30 அடிக்குள் இருக்கும் எதிரியை ஆயுதத்தால் அடித்ததும், ஒரு ஹிட் டையைச் செலவழித்து 2டி10 நெக்ரோடிக் சேர்க்கலாம். டர்னுக்கு ஒரு முறை.

அவ்வளவுதான். தனியாகக் கறை எண்ணிக்கை வேண்டாம், பெருக்கல் வேண்டாம், ஷீட்டில் ஏற்கனவே இருக்கும் பெட்டி போதும்.

கணக்கு: லெவல் 5இல் ஐந்து டை, சராசரி 11 வீதம் 55. நாளுக்குப் பன்னிரண்டு ரவுண்டு சண்டை என்று வைத்தால் கொலாசஸ் ஸ்லேயர் 54, முதல் அடிக்குச் சேராது என்பதால் கொஞ்சம் குறையும். ஏறக்குறைய ஒரே எடை. ஆனால் ஹன்டருக்கு அது இலவசம், நாளைக்கும் வரும். இவனுக்கு ஐந்தும் எரிந்தால் 2014 விதிப்படி லாங் ரெஸ்டில் பாதிதான் திரும்பும், ஐந்தில் பாதி 2. முதல் இரவு 2, அடுத்த இரவு 4, மூன்றாம் இரவுதான் முழுசாக 5. எப்போது எரிப்பது என்பது அவன் கையில் இருக்கிறது, அந்தச் சலுகைக்கு இந்த விலை நியாயம்.

மார்ச் 10, காலை 8:30

கிரிட்டில் 2டி10, 4டி10 ஆகுமே, பாலடினின் ஸ்மைட் (அடித்த பிறகு சேர்க்கும் கூடுதல் டேமேஜ்) மாதிரி கிரிட்டுக்காகவே காத்திருப்பார்களே என்று ஒருவர். முதலில் "இரட்டிப்பு கிடையாது" என்று எழுதி, பிறகு அழித்தேன். ரவுண்டுக்கு இரண்டு அம்பு வீதம் பன்னிரண்டு ரவுண்டில் எதிர்பார்க்கக்கூடிய கிரிட் 1.2. அத்தனையிலும் எரித்தால்கூட நாளுக்குப் பதிமூன்று டேமேஜ் கூடும். அதற்காக மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவர் காத்திருக்கட்டும். 20 விழுந்த பிறகு நான்கு பகடையை உள்ளங்கையில் குலுக்கும் சுகத்தைப் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

மார்ச் 10, இரவு 10:15

லெவல் 7, இரையின் சாயல்.

ஃபேவர்டு எனிமிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதன் ஒரு குணம் உங்களுக்கு வரும்: அன்டெட் என்றால் நெக்ரோடிக் ரெசிஸ்டன்ஸ் (அந்த டேமேஜ் பாதியாகும்), ஃபீண்ட் என்றால் ஃபயர் ரெசிஸ்டன்ஸ், ஃபே (மாயவன உயிர்) என்றால் சார்ம் (வசியம்) ஆவதற்கு எதிராக அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி அதிகமானதை எடுப்பது), இந்த மாதிரி. பதிலுக்கு, சொந்த இனத்தோடு சேர்த்து அந்த வகை உயிராகவும் நீங்கள் கணக்கில் வருவீர்கள். டிடெக்ட் ஈவில் அண்ட் குட் மந்திரம் போட்டால் நீங்கள் தெரிவீர்கள். ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் மந்திரம் போட்டிருப்பவரை அடிக்க உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ். கிளெரிக் டர்ன் அன்டெட் (அன்டெட்களை விரட்டும் பவர்) செய்தால் நீங்களும் விஸ்டம் சேவ் உருட்ட வேண்டும்.

இதில் நான் திட்டமிடாமல் விழுந்த ஒன்று இருக்கிறது. ரேஞ்சருக்கு லெவல் 3இல் ப்ரைமீவல் அவேர்னஸ் உண்டு. ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்றைக் கொடுத்தால் ஒரு மைல் சுற்றளவில் அன்டெட், ஃபீண்ட், ஃபே, டிராகன் என்று சில வகை உயிர்கள் இருக்கின்றனவா என்று தெரியும். எங்கே என்று சொல்லாது, எத்தனை என்றும் சொல்லாது. இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். நிறையப் பேர் இதைப் பிரயோஜனமில்லாத பவர் என்று திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன்.

இப்போது லெவல் 7 கறைவேடன் காட்டுக்கு நடுவில் மண்டியிட்டு, மண்ணில் கை வைத்துக் கேட்கிறான். அன்டெட் இருக்கிறதா? இருக்கிறது. அடுத்த ஊரில் கேட்கிறான். இருக்கிறது. கல்லறையே இல்லாத சமவெளியில் கேட்கிறான். இருக்கிறது. இனி அவன் எங்கே போய்க் கேட்டாலும் அதே பதில்தான். எதைத் தேடுவதற்காக அந்தப் புலன் இருந்ததோ, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அது இனி உதவாது. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒரு வார்த்தையும் விளக்க வேண்டாம், பிளேயரே இரண்டாவது முறை புரிந்துகொள்வார்.

கிராமத்தார் நம்ப மாட்டார்கள் என்று எழுதுவதற்குப் பதில் இதை வையுங்கள்.

மார்ச் 11, மதியம் 12:40

உடனே வந்த எதிர்ப்பு: 2014 விதியில் க்யூர் வுண்ட்ஸ் (காயம் ஆற்றும் மந்திரம்) அன்டெட் மேல் வேலை செய்யாது. அப்படியானால் கிளெரிக் இவனைத் தேற்றவே முடியாது.

ஐயோ. ஆமாம். நானே 6ஆம் தேதி அவ்வளவு வீராப்பாக எழுதிவிட்டு, கிளெரிக் தலையிலேயே மறுபடி விலையைக் கட்டியிருக்கிறேன். திருத்தம்: ஹீலிங்குக்குக் கணக்கில் வராது. இன்னொன்று, லெவல் 5 கிளெரிக்கின் டெஸ்ட்ராய் அன்டெட் (டர்னில் தோற்ற பலவீனமான அன்டெட்டை அழிப்பது). பிளேயருக்கு சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் பலத்தைச் சொல்லும் எண்) கிடையாது என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதம் என் டேபிளில் ஒரு மணி நேரம் ஓடும். டர்ன் உண்டு, டெஸ்ட்ராய் கிடையாது என்று எழுதிவிடுங்கள்.

டிராகனைத் தேர்ந்தெடுப்பவருக்கு விலை குறைவு, ஏனென்றால் டிடெக்டிலும் ப்ரொடெக்ஷனிலும் டிராகன் வராது. அதனால் அதற்குக் கொடுக்கும் ரெசிஸ்டன்ஸை டிஎம் தேர்வு செய்யட்டும். பூசி மெழுகுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. டிராகன் வேட்டைக்காரன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 12, இரவு 9:00

லெவல் 11: கறை டை பட்டு எதிரி விழுந்தால் அந்த டை திரும்பக் கிடைக்கும்.

மார்ச் 12, இரவு 9:25

இருபத்தைந்து நிமிஷத்தில் மூன்று பேர் எலி மூட்டையோடு வந்துவிட்டீர்கள். ஆமாம், மூட்டை நிறைய எலி வாங்கி, ஒவ்வொன்றாகக் கொன்று டையை மீட்டுக்கொள்ளலாம். எலியைக் கொல்ல டையைச் செலவழித்து, அதே டையைத் திரும்பப் பெறுவதில் லாபமே இல்லை என்று ஒருத்தராவது கவனித்தீர்களா? எலிகளுக்குத்தான் நஷ்டம்.

ஆனால் ஒரு பெரிய எதிரியோடு கூட வரும் பத்து கோப்ளின்கள் பிரச்சினைதான். அங்கே ஒரே டை பத்து முறை சுற்றும். அதனால் ஷார்ட் ரெஸ்டுக்கு ஒரு முறை மட்டும்.

லெவல் 15 எழுத மாட்டேன். அங்கே வரை போன கேம் நான் நடத்தியதே இல்லை.

மார்ச் 16, காலை 10:10

நேற்று ஆடிப் பார்த்தோம். லெவல் 5, நாலு பேர், ஒரே நாளில் மூன்று சண்டை, நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட்.

கறைவேடன் ஆடியவர் ஐந்து டி10ஐயும் தனக்கு முன்னால் வரிசையாக அடுக்கி வைத்தார், ஷீட்டில் அடிக்கவில்லை. எரிக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்து மேப்பின் ஓரத்துக்குத் தள்ளினார். முதல் சண்டையில் இரண்டு போனது, சிரித்துக்கொண்டே. இரண்டாவது சண்டையில் ஓகர் ஒன்று விஸார்ட் மேல் பாய்ந்தபோது இரண்டு போனது, அடுத்தடுத்த டர்னில். டேமேஜ் பார்த்து எல்லோரும் ஓவென்று கத்தினோம்.

பிறகு ஷார்ட் ரெஸ்ட். மற்ற மூன்று பேரும் கடகடவென்று உருட்டி ஹெச்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு 44இல் 19. முன்னால் ஒரே ஒரு டி10. அதை எடுத்தார், விரலுக்கு இடையில் ஒரு சுற்றுச் சுற்றினார், உருட்டவில்லை, வைத்துவிட்டார். "இது அடுத்த ஃபைட்டுக்கு." ஃபைட்டர் ஆடியவர் "டேய், உருட்டுடா, செத்துடுவ" என்றார். இவர் கேட்கவில்லை.

நான் ஒரு வசனமும் பேசவில்லை. பித்து அட்டவணை எதுவும் இல்லை.

மூன்றாவது சண்டையில் விழுந்தார். கிளெரிக் தூக்கி நிறுத்தினார், கடைசி டையை எரித்தார், எதிரி ஒரு ஹெச்பியில் தப்பித்து ஓடியது. இதுவரை யாரும் அவ்வளவு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

எண்ணாகப் பார்த்தால் கறையில் வந்த டேமேஜ் மொத்தம் 51. ஒரு நாள் ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனாலும் கணக்குக்குப் பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது.

மார்ச் 16, மாலை 4:45

2024 விதிகளில் ஆடுபவர்கள் கவனிக்க: அதில் லாங் ரெஸ்ட் எடுத்தால் ஹிட் டைஸ் அத்தனையும் திரும்பிவிடும். கறையின் விலையில் பெரும்பகுதி அங்கேயே காலி. கறையில் எரித்த டை மட்டும் இரவுக்குப் பாதிதான் திரும்பும் என்று ஒரு வரி சேருங்கள். பழைய விதியைப் புது விதிக்குள் கடத்துவதுதான், வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 18, இரவு 10:30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய பிளேயர் ஃபேவர்டு எனிமியாக மனிதர்களையும் எல்ஃப்களையும் எடுத்திருக்கிறாராம். (ஒரு வகைக்குப் பதில் இரண்டு ஹ்யூமனாய்டு, அதாவது மனிதனைப் போன்ற, இனங்களை எடுக்கலாம், 2014இல் அனுமதி உண்டு.) கேரக்டர் மனிதன். லெவல் 7இல் சாயலுக்கு மனிதனைத் தேர்ந்தெடுக்கிறார். அப்போது என்ன ஆகும் என்று கேட்கிறார்.

மூன்றாம் எடிஷனின் அந்த ஒற்றை வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டு, அதையே நான் யோசிக்காமல் விட்டிருக்கிறேன் பாருங்கள். ப்ரைமீவல் அவேர்னஸில் மனிதர்கள் வரமாட்டார்கள். டிடெக்டும் இல்லை, டர்னும் இல்லை. முதலில், இவன் இனி ஹ்யூமனாய்டாகவே கணக்கில் வரமாட்டான் என்று எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் ஹோல்ட் பெர்சன் (ஹ்யூமனாய்டை அசையாமல் நிறுத்தும் மந்திரம்) இவன் மேல் வேலை செய்யாது. தண்டனை என்று ஆரம்பித்துப் பரிசில் முடியும்.

மார்ச் 19, காலை 6:55

மனிதனுக்கு: டிசெப்ஷனில் (ஏமாற்றும் திறன்) அட்வான்டேஜ், மனிதர்களிடம் மட்டும். எடை குறைவுதான், விலையும் இல்லையே. வகை மாற்றம் எதுவும் வேண்டாம். ஷீட்டில் இனம் என்ற இடத்தில் மனிதன் என்று முதல் நாளே எழுதியிருக்கிறார், அது அப்படியே இருக்கட்டும்.

எல்ஃபை எடுத்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு முன் ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள், லெவல் 3இலிருந்து.